மடித்துத் தைத்த பாவாடை

மாதா கோயிலை ஒட்டிய கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம் துணிந்த பிள்ளைகள் வளர்ந்தார்கள், பயந்த பிள்ளைகள் குட்டையானார்கள். கணக்கு புரியவில்லை என்று எழுந்து சொன்ன அருள்தாஸின் கால்சட்டை அடுத்த மணி அடிப்பதற்குள் கணுக்காலுக்கு மேல் ஏறிவிட்டது. வீட்டுப்பாடம் எழுதாமல் கடைசி பெஞ்சில் பதுங்கிய ஒருவன், எட்டிப் பார்த்தால்தான் தெரிந்தான். பிள்ளைகளை உயரப்படி நிறுத்தும் பி.டி. சார் ராபின் தினமும் காலை வரிசையைக் கலைத்து அடுக்க வேண்டியிருந்தது. தலைமையாசிரியை அமலராணி சிஸ்டர், தக்காளி விலையைப் போல இதுவும் ஏறும் இறங்கும் என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னார். எல்லாரும் சரியென்று டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

திலகவதிக்கு மட்டும் டீ இறங்கவில்லை. வல்லத்திராக்கோட்டையில் தையல் மிஷின் வைத்திருப்பவள்; புருஷன் சிங்கப்பூரில். ஏழாவது படிக்கும் மகள் அன்புமொழிக்கு, வளர்கிற பிள்ளை என்று பாவாடை ஓரத்தை நாலு விரல் உள்ளே மடித்து ஜூன் மாதம் தைத்திருந்தாள். மற்ற தாய்மார் அந்த மடிப்பைப் பிரித்துவிட்டுக்கொண்டிருக்க, இவள் மேலே மேலே மடித்துக்கொண்டிருந்தாள்.

காரணம் அவளுக்குத் தெரியும். பள்ளி வேனை ஓட்டுவது அவள் அண்ணன் அய்யாக்கண்ணு. சும்மா கிடந்தவருக்காக ஒரு பலாப்பழத்தைச் சுமந்துபோய் சிஸ்டரிடம் கேட்டு இவளே வாங்கித் தந்த வேலை. அவர் கம்மாய்க்கரை வளைவில்கூட செல்போனில் படம் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறார் என்று மகள் ஆடி மாதமே சொல்லிவிட்டாள்.

"வாயை மூடுடி. வருஷம் தவறாமப் பொங்கச்சீர் கொண்டாந்து எறக்குற மாமன். அவரு பொழப்புல மண்ணள்ளிப் போடப் போறியா?"

அன்றிலிருந்து பிள்ளை குறைய ஆரம்பித்தாள். ஐப்பசி மழையில் புத்தகப்பை தரையில் இழுபட்டது. இப்படியே போனால் ஒருநாள் தன் கைக்குள் அடங்கிவிடுவாள், அப்புறம் தேடினாலும் அகப்படமாட்டாள் என்று திலகவதி ராத்திரியில் எழுந்து எழுந்து பிள்ளையைத் தடவிப் பார்ப்பாள். ஆனாலும் காலையில் ஹாரன் கேட்டதும் வேனில் ஏற்றித்தான் விட்டாள். என்ன செய்வாள், பாவம். ஒரு பக்கம் கூடப்பிறந்தது, ஒரு பக்கம் பெற்றது.

கார்த்திகையில் ஒரு காலை, வேனின் பின்சக்கரம் கரையை விட்டு இறங்கித் தண்ணீருக்கு மேலே சுழன்றது. அய்யாக்கண்ணு எப்படியோ ஏற்றிவிட்டு, "ஒண்ணுமில்ல புள்ளைகளா, கப்பல் விட்டுப் பாத்தேன்" என்று சிரித்தார். அந்தப் பள்ளியில் காலை ஜெபம் முடிந்ததும் ஒரு பிள்ளை முன்னால் வந்து கடவுளுக்கு ஏதாவது ஒன்றுக்கு நன்றி சொல்ல வேண்டும். மழைக்கு, புது பெஞ்சுக்கு, லீவுக்கு. அன்று அன்புமொழியின் முறை. மைக் எட்டாததால் ராபின் அவளைத் தூக்கி ஸ்டூல் மேல் நிறுத்தினார்.

"வேன் கம்மாய்க்குள்ள விழாததுக்கு நன்றி ஆண்டவரே" என்றாள். சிஸ்டர் பக்கம் திரும்பினாள். பிறகு, "எங்க மாமா போன் பாத்துக்கிட்டே ஓட்டுறாங்க சிஸ்டர். எங்களுக்குப் பயமா இருக்கு."

அடுத்து மைக்கில் கேட்டது தையல் பிரியும் சத்தம். மடிப்பு மடிப்பாகப் பாவாடை இறங்கியது. ராபின் ஸ்டூலை எடுத்துவிட்டு மைக்கை உயர்த்தி வைத்தார்.

சாயங்காலம் அய்யாக்கண்ணு தங்கை வாசலில் வந்து நின்று கத்தினார். "சாவியப் புடுங்கிட்டாங்க. புள்ளையா பெத்து வச்சிருக்க? இனி இங்கிட்டு என் காலு படாது, பாத்துக்க!"

திலகவதி மிஷினை விட்டு எழுந்து வந்தாள். மகளைத் தனக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"அவ சொன்னது நெசந்தானண்ணே. தெரிஞ்சுக்கிட்டே அனுப்பிவச்சேன் பாருங்க, நாந்தான் தப்பு."

சொல்லி முடிக்கையில் அவள் சேலைக்கரை கணுக்காலை விட்டு ஏறியிருந்தது. தலை நிலையில் இடித்தது. அண்ணன் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மார்கழி முழுக்க அவள் வாசலைப் பார்த்துக்கொண்டே தைத்தாள். பொங்கலுக்கு முந்தின நாள் கரும்பும் பானையுமாக அய்யாக்கண்ணு வந்து நின்றார். அவள் நிலைக்குக் குனிந்து வெளியே வந்தாள். முகம் கொடுக்காமல் சீர்ச்சேலையை உயர்த்தி நீட்டினார். கடையில் சொல்லி, அகலம் கூடின சேலையாகக் கேட்டு வாங்கியிருந்தார்.

"கட்டிப் பாரு. பத்தலன்னா மாத்திக்கலாம்னு சொல்லியிருக்கான்" என்றார்.