முதலில் தலை தூக்கியவள்

வெள்ளையாக நிற்கிறது, பக்கவாட்டில் புகைபோல என்னவோ கசிகிறது, உச்சியில் இருக்கிற கூண்டுக்குள் நான்கு பேர் மல்லாக்கப் படுத்திருக்கிறார்கள், அதில் ஒருத்தி கெத்சியாள், என்னோடு ஒரே வயிற்றில் கிடந்து எனக்குப் பின்னால் வெளியே வந்தவள், அவ முகம் தெரியுதாட்டி என்கிறார் வாதத்தில் ஒரு பக்கம் விழுந்து கட்டிலில் கிடக்கும் அப்பா, தெரியுதுப்பா, சிரிக்கா என்கிறேன், சர்க்கரை அவர் கண்கள் இரண்டையும் தின்று தீர்த்துவிட்டது, டிவியில் சத்தம் வராமல் போய் மாதக்கணக்காகிறது, நான் சொன்னால்தான் அவருக்கு உலகத்தில் எதுவும் நடக்கும், ஏதோ ஒரு அமெரிக்கக் கம்பெனியின் ராக்கெட், விண்வெளி நிலையத்துக்கு ஆள் ஏற்றிப்போகிறது, அங்கே காலை, இங்கே பாளையங்கோட்டையில் சாயங்கால வெயில் ஜன்னல் கம்பியில் ஏறிக்கொண்டிருக்கிறது.

அன்றைக்கும் இதே வெயில்தான், புறவாசல் சிமெண்ட் தொட்டி நிறையத் தண்ணீர், அப்பா அப்போது பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார், விசிலைக் கழுத்திலிருந்து கழற்றாமலே சாப்பிட உட்காருகிறவர், எங்கள் இரண்டு பேருக்கும் சென்னையில் இன்ஜினியரிங் இடம் கிடைத்திருக்கிறது, அம்மா கிட்னி கெட்டுப் படுத்த படுக்கையாக இருக்கிறாள், ஒருத்தியத்தான் அனுப்புவேன், இன்னொருத்தி உங்கம்மைக்குப் பீத்துணி அலசணும், எவளுன்னு நான் சொன்னா நாளைக்கு என்னையக் குத்தம் சொல்லுவிய, தொட்டிக்குள்ள தலைய முக்குங்க, எவ முதல்ல தூக்குதாளோ அவ வீட்ல என்கிறார், விளையாட்டென்று நினைத்து நாங்கள் சிரிக்கிறோம், அவர் விசிலை ஊதுகிறார். தண்ணீருக்குள் கண்ணைத் திறக்கிறேன், பச்சையாக இருக்கிறது, எனக்கு இன்னும் மூச்சு இருக்கிறது, நெஞ்சு நிறைய இருக்கிறது, அது எனக்குத் தெரியும், அப்போது பக்கத்தில் அவள் கைகள் துவண்டு தொங்குகின்றன, வாய் திறந்தே கிடக்கிறது, நான் தலையைத் தூக்கி, அப்பா, இவ செத்துட்டா, தூக்குங்க என்று கத்துகிறேன், அப்பா அசையவில்லை, கெத்சியாள் தானாக எழுந்து, முகத்து முடியைப் பின்னால் தள்ளிவிட்டு, நல்லா நடிச்சனா என்று கேட்டாள். அவ நடிச்சது தப்பில்ல, நீ நம்புனதுதான் தப்பு என்றார் அப்பா, சொல்லிவிட்டு உள்ளே போய்க் காப்பி கேட்டார், என்னிடம்.

அவளுடைய முதல் செமஸ்டர் முடிவதற்குள் அம்மா போய்விட்டாள், அடக்கத்துக்கு வந்தவள் திரும்பக் கிளம்பியபோது நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன், நீ எங்கட்டி போற, எனக்கு யாரு சோறு பொங்குவா என்றார், கெத்சியாள் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை. பிறகு அமெரிக்கா, பிறகு பேட்டிகள், மூச்சடக்குவதை அப்பாதான் கற்றுக்கொடுத்தார் என்று எல்லாவற்றிலும் சொல்வாள், ஒருத்தன் மட்டும் கூடப்பிறந்தவர்களைப் பற்றிக் கேட்டான், ஒரு அக்கா, வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள் என்றாள்.

கெளம்பிட்டாட்டி, என்கிறார் அப்பா. அடியில் நெருப்பு பொங்குகிறது, தரை முழுக்கப் புகை, கெளம்பிட்டுப்பா, ஏறுது என்கிறேன், ஏறுகிறது, மேகத்துக்கு மேலே போய் ஒரு பொட்டாகிறது, வேலை முடிந்த அடிப்பாகம் கழன்று கீழே போகிறது, யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை, மேலே இருப்பது இன்னும் வேகமாகப் போகிறது, என்னட்டி, ஏன் பேசாம இருக்க, என்னாச்சு என்கிறார், கூண்டுக்குள் அவள் கேமராவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துகிறாள், வெடிச்சுட்டுப்பா என்றேன் நான்.

அவர் வாய் திறந்து அப்படியே நின்றது. உயிருள்ள ஒற்றைக் கை போர்வைமேல் எதையோ தேடியது, என் கையைக் கொடுத்தேன், காய்த்துப்போன உள்ளங்கையைத் தடவிப் பார்த்தவர், என்னுடையது என்று தெரிந்ததும் விட்டுவிட்டார். அதுல நீ இருந்திருக்கலாம், என்றார், கோபமே இல்லாமல், சாப்பாட்டில் உப்பு குறைச்சல் என்று சொல்வதுபோல.

தெருவில் சரவெடி வெடிக்க ஆரம்பித்தது, சபைக்காரர்கள் வாங்கி வைத்திருந்தது, பக்கத்து வீட்டு ரூபி அக்கா ஜன்னலில் முகத்தை வைத்து, சார், கெத்சியா நல்லபடியா மேல போய்ச் சேந்துட்டாளாம், டிவில காட்டுதான் என்று சொல்லிவிட்டு ஓடினாள். அப்பாவின் முகம் மெல்ல மலர்ந்தது, கண்ணில் நீர் வழிந்தது, வையப்போகிறார் என்று காத்திருந்தேன், வையவில்லை, தொடச்சு விடு என்றார், துடைத்துவிட்டேன். இப்ப மொதல்லருந்து சொல்லு, ஒண்ணும் விடாத என்றார்.

சொன்னேன். முடிந்ததும் இன்னொருக்கா என்றார். வெள்ளையா நிக்குப்பா என்று மறுபடி ஆரம்பித்தேன், அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார், நான் எங்கேயும் நிறுத்தாமல் அவளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தேன்.