முதல் டம்ளர்

என் வீட்டுக்காரர் கப்பலில் மெஷின்களோடு மல்லுக்கட்டுகிறவர். பழைய கப்பலில் அறை அடுப்பாய்க் கொதிக்கும், கரப்பான்பூச்சி வேறு, போன் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆனால் அங்கிருந்து லீவில் வந்தால் பாட்டுப் பாடிக்கொண்டே துணி காயப்போடுவார். புதுக் கப்பலில் தனி அறை, ஏசி, தினமும் என்னோடு வீடியோவில் பேச்சு. அதிலிருந்து இந்தத் தடவை வந்தவர் முகமோ உர்ரென்று இருந்தது. இதென்ன கூத்து என்று எனக்கு மண்டை குடைந்தது.

இரண்டு கப்பலிலும் கூப்பிட்டிருந்தார்கள். சாயந்திரத்துக்குள் ஏஜென்டிடம் பதில் சொல்ல வேண்டும். புதுசுக்கே போகட்டும் என்பதுதான் என் ஆசை. தினமும் முகம் பார்க்கலாமே.

"புதுசுல என்னங்க குறை?"

"ஒரு குறையும் இல்ல. எதையும் தொடக் கூடாது, எல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கும். நான் அதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அந்த நேரம் பார்த்து, துறைமுகத்தில் நின்ற பழைய கப்பலின் சமையல்காரர் அவருக்குப் போன் செய்தார். விடுவேனா? "அண்ணே, அந்த ஓட்டைக் கப்பல்ல அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டேவிட்டேன்.

"ஒண்ணும் இல்லம்மா. ஏசி இன்னும் ரிப்பேர்தான்," என்று சிரித்தார். "ஆனா கடல் தண்ணியைக் குடிதண்ணியாக்குற மெஷினை உங்க வீட்டுக்காரர்தான் பாத்துக்கிட்டாரு. காலையில முதல் டம்ளரை அவர் குடிச்சுத் தலையாட்டின பிறகுதான் டீக்குத் தண்ணி வைப்பேன். கேப்டனே காத்துக்கிட்டு நிப்பாரு. இப்ப இருக்கிறவர் மீட்டரைப் பாத்துட்டுப் போயிடுறாரு. தண்ணி நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் மனசு ஒப்பலை."

எனக்குச் சுருக்கென்றது. வீட்டிலும் தினமும் காலையில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, ஒரு வாய் குடித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். அதற்குள் நான் டீயையே இறக்கியிருப்பேன். என்ன மனுஷரோ என்று கேலி செய்ததும் உண்டு. இப்போது அழுகை வந்தது.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். "புதுசுக்கே வர்றேன்னு சொல்லிடுறேன். உனக்கும் நிம்மதி."

நானே ஏஜென்டைக் கூப்பிட்டேன். "பழைய கப்பலுக்குத்தான் வருவாரு. ஆனா முதல்ல ரூம் ஏசியைச் சரி பண்ணுங்க. வீட்டுக்குப் பேசவும் விடணும். அப்புறம்தான் கையெழுத்து."

ஏஜென்ட் இழுத்தார். நான் மசியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டு, இரண்டுக்கும் கம்பெனி ஒத்துக்கொண்டது என்றார்.

என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்து நின்றார். நான் வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரை அவரிடம் நீட்டினேன்.

"குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க. டீ வைக்கணும்."