மருமகளின் பெயர்

வையம்பட்டியில் வாக்காளர் பட்டியலுக்குப் பெயர் எழுத வந்த குமாஸ்தாவிடம் சின்னையன் விறைப்பாகச் சொன்னார்: "மருமக பேரை வெளியாளுக்குச் சொல்ற வழக்கம் இந்தக் குடும்பத்துல இல்லீங்க. மகன் சம்சாரம்னு எழுதிக்குங்க."

கதவுக்குப் பின்னால் நின்ற வள்ளிக்கண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐம்பத்திரண்டாம் வருஷத் தேர்தலில் இப்படி எழுதிக் கொடுத்ததால்தான், பெயரில்லாதவளுக்கு ஓட்டில்லை என்று அவளை விட்டுவிட்டார்கள். அவள் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"எம்பேரு வள்ளிக்கண்ணு. எழுதுங்க."

"மானத்தை வாங்கிட்டியே!" என்று மாமனார் கத்தினார்.

"தொழுவத்து மாட்டையெல்லாம் தெருவே கேக்கப் பேர் சொல்லிக் கூப்பிடுறீங்க. அதுல போகாத மானம் என் பேருலயா போகுது, மாமா?"



"புருஷன் பேரு என்னம்மா?" என்றார் குமாஸ்தா.

அதை மட்டும் அவள் வாய் சொல்லாது. "அந்தா நிக்கிறாரு. அவரு பேரை அவரே சொல்லட்டும்."

"வீரமலை" என்றான் அவன், அப்பாவின் முகத்தைப் பார்க்காமல்.