வெட்டாத காய்

என் மனைவி அபிதகுஜாம்பாள் செத்த பிறகும் தாயம் ஆடுகிறாள். கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைப்பவர்கள் சேலையூருக்கு வந்து எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பார்க்கலாம். காபி நான்தான் போடுவேன், சுமாராகத்தான் இருக்கும்.

டி.வி.க்குக் கீழே மொசைக் தரையில் சாக்பீஸால் அவள் போட்ட கட்டம் அப்படியே இருக்கிறது. அவளுக்குக் காய் புளியங்கொட்டை, எனக்குச் சட்டைப் பொத்தான். பாதி ஆட்டத்தில் நெஞ்சை என்னவோ செய்கிறது என்றாள். ஆம்புலன்ஸ் கேம்ப் ரோடு நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனது. திரும்பி வந்தது நான் மட்டும். கட்டத்தைக் கலைக்க மனம் வரவில்லை.

காரியம் முடிந்து உறவெல்லாம் கிளம்பிப் போனதும், வீட்டின் அமைதி தாங்காமல் தாயக்கட்டையை உருட்டி என் காயை நகர்த்தினேன். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். ஹாலில் பித்தளைக் கட்டை உருளும் சத்தம் கேட்டது. ஓடிவந்து பார்த்தால் அவள் காய் ஒன்று இடம் மாறியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. ஆனால் பயத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றிலிருந்து தினமும் ஆடுகிறோம். நான் ஆடிவிட்டு எழுந்து போகவேண்டும், அப்போதுதான் அவள் ஆடுவாள். நான் பார்த்துக்கொண்டிருந்தால் கட்டை அசையாது. உயிரோடு இருந்தபோதும் நான் உற்றுப் பார்த்தால் அவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

அவள் பிறந்த ஊர் திருவண்ணாமலை. தாயத்தில் அவர்கள் வீட்டுச் சட்டம் கெடுபிடியானது. எதிராளியின் காயில் ஒன்றையாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குள் நுழைந்து, நடுவில் போய்ச் சேர்ந்து பழமாகலாம். வெட்டாதவர் காய் வெளிச்சுற்றிலேயே சுற்றிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். வெட்டாமல் பழமானால் அது திருட்டுப் பழம் என்பாள். இந்த ஆட்டத்தில் நான் அவளை வெட்டியாயிற்று. அவள் இன்னும் என்னை வெட்டவில்லை.

எப்படி வெட்டுவாள்? நான் கணக்குத் தணிக்கை வேலையில் தலை நரைத்தவன். பெருக்கல் குறி போட்ட கட்டத்துக்கு மலை என்று பேர், அங்கே இருக்கும் காயை யாரும் வெட்ட முடியாது. நான் மலைக்கு மலை தாவுகிற ஆள். உயிரோடு இருந்த காலத்திலேயே, தப்பித் தவறி நான் வெளியே மாட்டிக்கொண்டாலும், அவள் சரியான எண்ணைப் போட்டுவிட்டு வேறு காயை நகர்த்துவாள். கண் அவிஞ்சு போச்சா என்று கிண்டல் செய்வேன். தாம்பரத்தில் ஒரு கண் டாக்டரிடம்கூட அழைத்துப் போனேன். பார்வையில் ஒரு கோளாறும் இல்லை என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை.

ஆனால் புளியங்கொட்டைகள் வெளிச்சுற்றிலேயே அலைவதைப் பார்க்கப் பார்க்க, அவள் இன்னும் போய்ச் சேரவில்லை, நான்தான் வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றியது. ஒருநாள் அவள் காயை நானே எடுத்து உள்கட்டத்தில் வைத்தேன். காலையில் அது பழையபடி வெளியே இருந்தது. யமன் சொன்னாலும் சட்டத்தை மாற்றாத பிடிவாதக்காரி.

சிறுசேரியில் வேலை பார்க்கும் எங்கள் மகள் மிருதுளா போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்து என்னைத் தன் வீட்டுக்கே அழைத்துப் போகிறாளாம். இந்த வீட்டை வெள்ளையடித்து, தரையைத் தேய்த்துக் கழுவி வாடகைக்கு விடவேண்டுமாம். கட்டம் அழிந்துபோனால் அபிதா எங்கே போவாள்? அதற்குள் அவளை அனுப்பிவைத்தாக வேண்டும்.

சனிக்கிழமை மதியம் முதல் தடவையாக வேண்டுமென்றே மலையை விட்டு இறங்கினேன். என் பொத்தான் அவள் காய்க்கு மூன்று கட்டம் முன்னால் போய் நின்றது.

"வெட்டிட்டுப் போம்மா," என்றேன். "நான் எப்படியாவது இருந்துக்குறேன்."

சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். கட்டை உருண்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன். விழுந்திருந்தது மூன்றேதான். என் பொத்தான் நின்ற இடத்திலேயே நின்றது. எங்கோ பின்னால் கிடந்த வேறொரு கொட்டை மூன்று கட்டம் தள்ளி வந்திருந்தது.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கண் அவிஞ்சு போச்சா என்று கேட்க வாயைத் திறந்தேன். கண் டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெட்டினால் உள்ளே போகவேண்டும், உள்ளே போனால் ஆட்டம் முடிந்துவிடும். அத்தனை வருஷமும் என் சாமர்த்தியத்தில் ஜெயித்ததாகக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன், மடையன்.

மறுநாள் மிருதுளா பெரிய சூட்கேஸோடு வந்தாள். வரமாட்டேன் என்றேன். பிரஷர் மாத்திரையில் ஆரம்பித்து மாடிப்படிவரைக்கும் காரணம் அடுக்கினாள். எனக்கு அவளோடு வாதாட முடியவில்லை. குனிந்து என் முறையை ஆடிவிட்டு, காபி போடலாம் வா என்று அவளைச் சமையலறைக்கு அழைத்துப் போனேன்.

பால் பொங்கும் நேரத்தில் ஹாலில் கட்டை உருண்டது. மிருதுளா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, ஹால்ல யாருப்பா?"

"அம்மாதான்," என்றேன். "பயப்படாத. வெட்டமாட்டா."