குளிர்க்காரிக்கு ஒரு கையெழுத்து

நேற்று வரைக்கும் இயற்பியல் துறையில் ஆறு ஆராய்ச்சிப் பிரிவு. இன்று காலை அறிவிப்புப் பலகையில் அஞ்சுதான். கடுங்குளிர்ப் பிரிவைத் தூக்கிவிட்டார்கள். அதை நடத்திய பேராசிரியர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், மிச்சம் இருந்தது குளிர்க்காரி என்று துறையே கூப்பிடும் ஆராய்ச்சி மாணவி ஒருத்திதான். அஞ்சு வருஷ ஆராய்ச்சி. நாலு மணிக்குள் வேறு பிரிவில் யாராவது வழிகாட்டியாகக் கையெழுத்துப் போடாவிட்டால் பதிவு ரத்து.

பாவம், படி ஏறி இறங்கிக் கால் வீங்கிவிட்டது. வானியல்காரர் நட்சத்திரத்தைத் தவிர வேறெதையும் ஏறிட்டுப் பார்க்காதவர். அணுக்கரு அம்மா உட்காரக்கூடச் சொல்லவில்லை. ஒரே கட்டடம், ஒரே காபி மெஷின், ஆனால் அடுத்த பிரிவு என்றால் ஏழாம் பொருத்தம்.

மகளை ஒரு வயசில் அக்காவிடம் விட்டுவிட்டு வந்தவள் இவள். பட்டம் கிடைத்தால் வேலை, வேலை கிடைத்தால் பிள்ளையைக் கூட்டிக்கொள்ளலாம். போன ஞாயிறு போனில் பிள்ளை இவளைச் சித்தி என்றது. அக்கா பதறிப்போய்த் திருத்தினாள். அன்றிலிருந்து இவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றரைக்கு லேசர் வாத்தியாரைப் பிடித்தாள். அவர் வரைபடத்தைப் பார்த்தார். இவள் வளர்த்த படிகத்தின் மின்தடை, ஏழு கெல்வினில், அதாவது பூஜ்யத்துக்குக் கீழே இருநூற்று அறுபத்தாறு டிகிரியில், சடாரென்று விழுகிறது. மின்சாரத்தைத் தடையே இல்லாமல் விடுகிற புதுப் பொருள் என்று அர்த்தம். நம் பிரிவுக்கும் பேர் வரும் என்று பூரித்துப்போய்ப் பேனாவைத் திறந்தார். பேச்சுவாக்கில், இத்துனூண்டு படிகத்தில் ஒயரை எப்படி ஒட்டினாய் என்று கேட்டார்.

"சால்டர் வச்சுதான் சார். சாதாரண ஈய சால்டர்."

சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. ஏழு கெல்வினில் மின்தடையை இழப்பது ஈயம். குளிர்ப் பிரிவில் முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிற பாடம். விழுந்தது படிகம் இல்லை, சால்டர். அஞ்சு வருஷமாக இவளும் பார்க்கவில்லை, இவளுடைய பேராசிரியரும் பார்க்கவில்லை.

லேசர் வாத்தியாருக்கு இதெல்லாம் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருடி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் வெளியூர்க் குளிர்க்காரன் எவனாவது பார்த்தால் ஒரே நிமிஷத்தில் சிரித்துவிடுவான். இந்த நல்ல மனுஷன் பேரும் சேர்ந்து நாறும்.

"போடாதீங்க சார். அது படிகம் இல்ல, ஈயம்."

வரைபடத்தைக் காட்டி விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லவேளை சொன்னேம்மா" என்று மனசாரப் பாராட்டினார். பேனாவை மூடினார். கையெழுத்தில்லாத தாளை இவளிடமே நீட்டினார். வாங்கிக்கொண்டு நன்றிகூடச் சொன்னாள்.