பென்டிரைவில் பத்திரமாக

மனைவியின் அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்ததும் மெக்கானிக் மூக்கைப் பொத்திக்கொண்டான். உள்ளே கரப்பான்பூச்சிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. கீபோர்டைக் கவிழ்த்தால் நகத்துணுக்கும் முடியும் கொட்டின. திரையிலோ அதைவிடக் கேவலம்: ஓசியில் படம் இறக்கும் புரோகிராம்களும், அவை கூட்டி வந்த வைரஸ்களும் ஆபாச விளம்பரங்களும். இந்த வருஷத்தில் இது மூன்றாவது தடவை. பெண் கொடுத்த வீடாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

“எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸைப் புதுசா போடணும். வேண்டியதை எடுத்து வச்சாச்சா, மச்சான்?”

“அதெல்லாம் பென்டிரைவ்ல பத்திரமா இருக்கு, மாப்ள.”

மூன்று மணி நேரம் மாரடித்து, கம்ப்யூட்டரைக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டுக் கை கழுவப் போனான். இரண்டு முறை சோப்புப் போட்டான். திரும்பி வந்தால், மச்சான் பென்டிரைவைச் செருகி, பழைய புரோகிராம்களை ஏற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். திரை முழுக்க அதே ஆபாச விளம்பரங்கள் ஈயாக மொய்த்தன.

“அந்தக் கருமத்தையா எடுத்து வச்சீங்க?”

“பின்னே? நீதான் ஒவ்வொரு தடவையும் அழிச்சிடுறியே! மறுபடி தேடிப் பிடிக்க எவ்வளவு கஷ்டம் தெரியுமா?”

“சரி, பிள்ளைங்க போட்டோ எல்லாம்?”

“அதுக்கு இடம் பத்தல, மாப்ள.”