கையுறை இலவசம்

வாயைத் திறக்காதேன்னு என் வீட்டுக்காரர் நூறு தடவை சொல்லியிருந்தார். டிவியில என் கை மட்டும்தான் தெரியுமாம். அவர் பேசுவாராம், நான் பாத்திரம் தேய்க்கணுமாம். "வீட்டுலயும் இதே கதைதானே, இதுக்கு எதுக்கு மேக்கப்பு?"ன்னு கேட்டேன். முறைச்சார்.

மனுஷன் டிவியில பொருள் விக்கிற நிகழ்ச்சியா பார்த்துப் பார்த்தே வியாபாரம் படிச்சவர். பல் விளக்கும்போதே பாடம் ஆரம்பிச்சுடும். "முதல்ல ஜனங்களோட கஷ்டத்தைக் காட்டணும். அப்புறம் பொருளைக் காட்டணும். ஒரு விலை சொல்லிட்டு உடனே குறைக்கணும். முடிஞ்சதுன்னு எல்லாரும் நினைக்கிறப்போ, 'இருங்க, இன்னும் முடியலை'ன்னு ஒண்ணை இலவசமா எடுத்து நீட்டணும்." இந்தப் பாடத்தை நம்பி பெயின்ட் கடை வேலையை விட்டார். பின்பக்க ரூம்ல ரெண்டு பேரும் உட்கார்ந்து, கரி பிடிச்ச பாத்திரத்துக்கு ஒரு பவுடர் தயார் பண்ணினோம். சும்மா சொல்லக்கூடாது, நல்ல பவுடர். ஆனா காட்டமான பவுடர், வெறும் கையில பட்டா தோல் வெந்துடும். அதனால ஒவ்வொரு டப்பாவுக்குள்ளயும் ஒரு ஜோடி ரப்பர் கையுறை வெச்சுத்தான் மூடுவோம்.

டிவியில நேரம் கிடைச்சதும் இவர் பண்ணின முதல் காரியம், டப்பாவிலிருந்து கையுறையை எல்லாம் வெளியில எடுத்ததுதான்.

"ஏங்க, அது உள்ளேயே இருக்கவேண்டியது இல்லையா?"

"இலவசம்னு குடுக்க நம்மகிட்ட வேற என்ன இருக்கு? உனக்கு வியாபாரம் தெரியாது, பேசாம இரு."

எப்படியும் வாங்குறவங்க கைக்குத்தானே போகப்போகுதுன்னு நானும் விட்டுட்டேன்.

எங்களுக்குக் குடுத்தது பத்து நிமிஷம், நேரலை. ஆர்டர் போன் நிறைய வந்தா வாரா வாரம் நேரம் உண்டு. வரலைன்னா மறுபடியும் அந்த வாசப்படியை மிதிக்க முடியாது. வேலையும் இல்லை, வேற வழியும் இல்லை. எனக்கு முந்தின நாள்லேர்ந்தே சோறு இறங்கலை.

அன்னைக்குக் காட்டுறதுக்குன்னே ஒரு பானையில பாலும் சர்க்கரையும் எண்ணெயும் ஊத்தி, கருகக் கருக அடுப்புல வெச்சு எடுத்திருந்தேன். அடியில கரி விரல் கனத்துக்கு இருந்தது. அதை ஸ்டூடியோவுல குழாயோட போட்டிருந்த சமையல் மேடையில வெச்சு, பக்கத்துலயே ஒரு டப்பாவையும் வெச்சுட்டு மேக்கப் ரூமுக்குப் போனோம்.

திரும்பி வந்து நின்னதும் விளக்கெல்லாம் எரிஞ்சது. நிகழ்ச்சியை நடத்துற ஃப்ளோர் மேனேஜர் எதிர்ல நின்னு மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு விரலை மடக்கினார். இவர் பானையைத் தூக்கிக் கேமராவுக்குக் காட்டினார். "பாருங்க, இந்தக் கொடுமையைப் பாருங்க!"

பானை பளபளன்னு இருந்தது.

யாரோ ஒரு புண்ணியவதி கழுவி வெச்சுட்டா! இவரானா அதைப் பார்க்கவே இல்லை, மனப்பாடம் பண்ணினதை ஒப்பிச்சுக்கிட்டே போறார். "எத்தனை நாள் கரி! எத்தனை பேரோட கண்ணீர்!" போன் எடுக்க உட்கார்ந்திருந்த பொண்ணுங்க வாயைப் பொத்திக்கிட்டாங்க. அப்பதான் இவர் குனிஞ்சு பானையைப் பார்த்தார். திருதிருன்னு முழிக்கிறார்.

எனக்கு வந்ததே கோவம். "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? கரி எங்கேங்க இருக்கு அதுல?"ன்னு கத்திட்டேன். ஊரே பார்த்துக்கிட்டு இருக்கு.

சொல்லிட்டு டப்பாவைப் பார்த்தேன். மூடி கோணலா இருந்தது. பவுடர் குறைஞ்சிருந்தது. கேமராவுக்குப் பின்னாடி, ஸ்டூடியோவைப் பெருக்கித் துடைக்கிற அக்கா முந்தானைக்குள்ள கையை மறைச்சுக்கிட்டு நின்னாங்க.

"அக்கா, இங்கே வாங்க."

"நான் எதையும் தொடலைம்மா."

ஃப்ளோர் மேனேஜர் வேண்டாம் வேண்டாம்னு கையை ஆட்டினார். நான் போய் அக்கா தோளைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். "என் வேலை போயிடும்மா"ன்னு முணுமுணுத்தாங்க.

"போக விடமாட்டேன். பானையை எதால கழுவினீங்க? அதை மட்டும் சொல்லுங்க." வேற ஏதாவது சோப்பு பேரைச் சொன்னா நாங்க தொலைஞ்சோம்.

"அழுக்கா கிடந்ததும்மா. நீங்க வர்றதுக்குள்ள கழுவி வெப்போம்னு, இந்த டப்பாவுல இருந்ததைத்தான் போட்டேன். ரெண்டு தேய்ப்புல கரி எல்லாம் போயிடுச்சு."

ஒரு போன் அடிச்சது. அடுத்ததும் அடிச்சது. இவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "கேட்டீங்களா! நாங்க சொல்லலை, இந்தம்மா சொல்றாங்க! இதோ, இந்தக் கைதான் தேய்ச்சது!"ன்னு அந்தக்கா கையைப் பிடிச்சு உயரத் தூக்கினார்.

"அய்யோ அம்மா!"ன்னு அலறினாங்க அவங்க.

உள்ளங்கை செக்கச்செவேல்னு வெந்திருந்தது. விரல் இடுக்குல தோல் உரிஞ்சிருந்தது. கேமரா அதைத்தான் காட்டிக்கிட்டு இருந்தது.

"கையுறை போடலையா அக்கா?"

"அதுல ஒண்ணும் இல்லையேம்மா."

எப்படி இருக்கும்? எல்லாம் மேடைக்கு அடியில, ரிப்பன் கட்டின கூடையில, "இருங்க, இன்னும் முடியலை"க்காகக் காத்துக்கிட்டு இருக்கு. எனக்கு அழுகை வருதா ஆத்திரம் வருதான்னே தெரியலை. குழாயைத் திறந்து அவங்க ரெண்டு கையையும் தண்ணிக்கு அடியில பிடிச்சேன்.

"இலவசத்தைச் சொல்லுங்க, நேரம் ஓடுது, இலவசத்தைச் சொல்லுங்க!" ஃப்ளோர் மேனேஜர் சத்தம் வராம வாயசைச்சார். இவர் குனிஞ்சு கூடையை எடுத்தார். இலவசம்னு ஒரு வார்த்தை வாயிலேர்ந்து வந்தா இவரோட வீட்டுக்குப் போறதில்லைன்னு நான் முடிவே பண்ணிட்டேன்.

"இது இலவசம் இல்லைங்க." கூடையைக் கேமரா முன்னாடி வெச்சார். "டப்பாவுக்குள்ள இருந்த கையுறை இது. உங்களுக்கே இலவசம்னு குடுக்கலாம்னு நான்தான் எடுத்து ஒளிச்சு வெச்சேன். இந்தம்மா கை வெந்தது என்னாலதான். தயவுசெஞ்சு இது இல்லாம பவுடரைத் தொடாதீங்க."

போன் எல்லாம் நின்னுபோச்சு. ஃப்ளோர் மேனேஜர் தலையில கையை வெச்சுக்கிட்டார். முடிஞ்சது, பெயின்ட் கடையில காலைப் பிடிச்சாவது வேலை கேக்கணும்னு நினைச்சேன்.

அப்புறம் ஒரே ஒரு போன் அடிச்சது. எடுத்த பொண்ணு எங்களுக்கும் கேக்குற மாதிரி ஸ்பீக்கர்ல போட்டா. ஒரு பெரியவர் குரல். "வாங்குறது இருக்கட்டும் தம்பி. அந்தம்மா கை இப்போ எப்படி இருக்கு?"

இவர் திரும்பி அந்தக்கா பக்கத்துல வந்து குனிஞ்சார். "எரியுதாக்கா?"

"கொஞ்சம் அடங்கியிருக்கு தம்பி." அவங்க மூக்கை உறிஞ்சிக்கிட்டு, கேமரா எந்தப் பக்கம்னு தேடிப் பார்த்துச் சொன்னாங்க. "ஆனா பானை கரி நெசமாவே போயிடுச்சுங்க. நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

"அப்போ எனக்கு ஒண்ணு அனுப்புங்க"ன்னார் பெரியவர். "கையுறையை உள்ளேயே வெச்சு அனுப்புங்க."

அடுத்த போனும் அடிச்சது. அதுக்கு அடுத்ததும் அடிச்சது. இவர் போன் பக்கம் ஓடப் பார்த்தார்.

"எங்கே ஓடுறீங்க? அதை எடுக்க ஆள் இருக்கு. அக்கா கையைப் பிடிங்க, நான் போய் மருந்து வாங்கிட்டு வர்றேன்!"ன்னு போட்டேன் ஒரு அதட்டல்.

பாக்கி இருந்த நேரம் பூரா டிவியில தெரிஞ்சது இவர் கைதான். வாயே திறக்காம, அந்தக்கா கையைத் தண்ணியில பிடிச்சுக்கிட்டு நின்னார்.